ஜாடி எண் நாற்பத்தொன்று

அத்தியாயம் பதினொன்று

காலை ஏழரை மணிக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸிடமிருந்து போன் வந்து, அதில் நல்ல செய்தி இருந்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது. அதனால் மணி அடித்ததும் லென்ஸ் முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் எடுத்தாள்.

“அப்பா கண்ணை மூடவே இல்ல. படுத்தா மூச்சு முட்டுது. உட்கார்ந்தேதான் இருக்கார்,” என்றாள் நாத்தனார். மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கிற குரல், இன்று கம்மிப் போயிருந்தது.

“மாத்திரை கொடுக்கறாங்கதானே அண்ணி?”

“சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு ஒரு வாரமாக் கொடுக்கறாங்க. ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு நாலு மணிக்கு அதே மருந்தைப் பெரிய அளவுல டிரிப்ல ஏத்தப் போறாங்க. ஒரே ஒரு நல்ல விஷயம். அன்னிக்கு ரத்தத்துல பத்தொன்பதுன்னு ஒரு கணக்கைக் காட்டிப் பயமுறுத்தினியே, அது இப்ப ஒண்ணு ஆயிடுச்சு.”



இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திக்கிறவர்களுக்காக இரண்டு வரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஊரில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவர். பள்ளிக்கூடம் நடத்தும் மகள் அவருக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். மாட்டு ஆஸ்பத்திரி லேபில் சாணத்தைப் பரிசோதிக்கும் மகன் சாணி டாக்டர். மனுஷ லேபில் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் மருமகள் லென்ஸ். ஐந்து வயதுப் பேத்தி சுண்டெலி. அவருக்கு மூச்சிரைப்பு வந்ததும், ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “வயித்துல புழு இருக்கான்னு முதல்ல பாக்கணும்” என்று சொன்னவள் லென்ஸ்தான். “எங்கப்பா வயித்துல புழுவா?” என்று நாத்தனார் போனை வைத்ததும், கண்டக்டரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் சென்ற வாரக் கதை.

பத்தொன்பது ஒன்றாக இறங்கியதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை என்பது லென்ஸுக்குத் தெரியும். உடம்புக்குள் புழு நுழைந்தால் எகிறுகிற வெள்ளணு அது. ஒரு வாரமாகக் கொடுக்கிற மாத்திரை ஸ்டீராய்டு, அது அந்த வெள்ளணுவை அடக்கிவிடும். கத்திக்கொண்டிருந்த காவல்காரன் வாயைப் பொத்தினால் சத்தம் நிற்குமே தவிர, உள்ளே வந்திருக்கும் திருடன் போய்விட மாட்டான்.

“அண்ணி, மலம் பாத்தாங்களா? புழுச் சோதனை?”

“டாக்டரம்மாவும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க. ‘என் பையன் லேப்ல கொடுத்தாச்சு, ரிசல்ட் வரும்’னு அப்பா சொல்லிட்டார். புழு இல்லன்னு ரிசல்ட் வந்தா உடனே மருந்து ஏத்துவாங்க. வராட்டியும் நாலு மணிக்கு மேல தள்ள முடியாதாம்.”

“எந்தப் பையன் லேப்ல?”

“அவருக்கு எத்தனை பையன் இருக்கான்?”

லென்ஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த ஒரே பையன் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக் குனிந்து, அதில் என்னவோ எழுதியிருப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுண்டெலி ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, கால் அரிக்குது.”

“கொசு கடிச்சிருக்கும். பவுடர் போட்டுக்கிட்டு ஷூ மாட்டு, வேன் வந்துடும்,” என்றாள் லென்ஸ், கணவனிடமிருந்து கண்ணை எடுக்காமலே. குழந்தை உள்ளே போனதும் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டாள். “மாமா உங்ககிட்ட என்ன கொடுத்தார்?”

“ஒரு டப்பா.”

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முதல் நாள். நாலு நாள் ஆச்சு.” அவன் தட்டை நகர்த்தினான். “உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். மருமக மைக்ராஸ்கோப்ல என் வண்டவாளத்தைப் பாத்துட்டு, அதே கையால எனக்குச் சோறு போடணுமா, நான் எப்படி நிமிர்ந்து பாப்பேன்னு கேட்டார். சரின்னு வாங்கிட்டேன்.”

“நாலு நாளா அது எங்க இருக்கு?”

“சூட்டுப்பெட்டில.”

“உடனே பாக்கலியா நீங்க?”

“மாட்டுக்கு அப்படித்தானே பண்ணுவோம். முட்டையைப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்தப் புழுன்னு தெரியாது. கரித்தூள் கலந்து, வெதுவெதுப்பா ஒரு வாரம் வெச்சா பொரிச்சு வெளியே வரும். குட்டிப் புழுவைப் பாத்தா இனம் தெரிஞ்சுடும். அதான் அப்பாவோடதையும்…”

“அவர் மாடு இல்லீங்க,” என்றாள் லென்ஸ்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அவளுக்கு இருந்த பயம் ஒரே ஒரு புழுவைப் பற்றியது. நூல்புழு என்பார்கள். மற்றப் புழுக்கள் முட்டை போடும், முட்டை வெளியே போய்விடும், அதோடு அதன் ஆட்டம் சரி. இது ஒன்றுதான் உள்ளேயே குட்டிபோட்டு, குட்டிகள் குடலைத் துளைத்துத் திரும்ப ரத்தத்துக்குப் போய், நுரையீரல் வழியாக ஏறி, மறுபடி வயிற்றுக்கு வந்து, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும். உடம்பில் எதிர்ப்பு இருக்கிறவரை அடங்கியிருக்கும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத் தூங்கவைத்தால் ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும், குடலில் இருக்கிற கிருமிகளையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போகும். அப்படிப் போன ஒரு கேஸை அவள் லேபில் பார்த்திருக்கிறாள். அந்த மனிதர் நாலாம் நாள் இல்லை.

மாமாவின் உடம்பில் இருப்பது அதுவாக இருந்தால், நாலு மணிக்கு ஏற்றப்போகும் மருந்து அவரைக் கொன்றுவிடும். அது இல்லை என்றால், அதே மருந்து கிடைக்காமல் மூச்சுத் திணறியே போய்விடுவார். எது என்று சொல்லக்கூடியது உலகத்திலேயே மாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடிதான்.

அவள் நாத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டாள். மருந்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள்.

“உன் பயத்துக்காக எங்கப்பா மூச்சு நிக்கணுமா?” என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். “இருக்குன்னா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நடுவுல நின்னுக்கிட்டு பேசாதே.”

•

மாட்டு ஆஸ்பத்திரி லேபில் பூட்டு தொங்கியது. சாவி பெரிய டாக்டரிடம். பெரிய டாக்டர் தடுப்பூசி போடப் பண்ணைக்குப் போயிருந்தார். வருவதற்கு ஒரு மணியாகும் என்றார்கள்.

கணவனும் மனைவியும் வாசல் மரத்தடியில், மாடுகளோடு மாடுகளாக நின்றார்கள். ஒரு கன்றுக்குட்டி கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே தள்ளி இருமிக்கொண்டே இருந்தது. அதன் சொந்தக்காரி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அதுக்கு நுரையீரல்ல புழு. சாணத்துலயே பாத்தோம். ஊசி போட்டா ரெண்டு நாள்ல துள்ளும்,” என்றான் அவன், பேச்சை மாற்றுவதற்காக.

லென்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி இருமுவது கண்டக்டர் இருமுவதுபோலவே இருந்தது. மணி பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு என்று போனது. ஒவ்வொரு தடவை வாட்ச்சைப் பார்க்கும்போதும் நாலுக்கு இன்னும் எவ்வளவு என்றுதான் மனது கழித்துப் பார்த்தது.

ஒரு மணி பத்துக்கு ஜீப் வந்தது.

சூட்டுப்பெட்டி என்பது பழைய மர அலமாரிதான். உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று தட்டிலும் ஜாடிகள், ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டி ரப்பர் மாட்டியிருந்தது. கரித்தூள் கலந்ததால் எல்லாம் ஒரே கறுப்பு. கழுத்தில் தொங்கிய அட்டையில் எண் மட்டும். அவன் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். நாற்பத்தொன்று.

“ஏன் நாப்பத்தொண்ணு?”

“அப்பா பேரையா எழுத முடியும்? நாலு பேர் வந்து போற இடம். அவர் வேலை பாத்த பஸ்ஸோட ரூட் நம்பர்.”

அவள் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். நாலு நாளைக்கு முன் தேதியில் அவன் கையெழுத்து. எண் நாற்பத்தொன்று. இனம், கலப்பு. வயது, அறுபத்தெட்டு. கறவை, நின்றுவிட்டது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அறுபத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் ரிஜிஸ்டரை மூடிவைத்தாள்.

“ரெண்டு கைக்கும் கிளவுஸ் போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணா,” என்றாள். “இது வாய் வழியா போகணும்னு அவசியமில்ல. தோல்ல பட்டாலே போதும்.”

அவன் ஜாடியில் விளிம்புவரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தட்டில் கவிழ்த்தான். தட்டைச் சுற்றிலும் சுத்தமான தண்ணீர் விட்டான். உள்ளே குட்டிப் புழு இருந்தால் நீந்தி வெளித்தண்ணீருக்கு வந்துவிடும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்கு முதல் சொட்டை எடுத்துப் பார்த்தாள். தண்ணீர். அசைவு எதுவும் இல்லை. இரண்டாவது சொட்டு. மூன்றாவது. கண்ணாடித் துண்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, விட்ட இடம் இல்லாமல் மேய்ந்தாள். நாலு, ஐந்து. கரித்துகள் இருந்தது, காற்றுக் குமிழி இருந்தது. புழு இல்லை.

“இல்லீங்க,” என்றாள். சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். “ஒண்ணுமே இல்லீங்க.”

சாணி டாக்டர் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. அவனே நம்பரை அடித்துப் போனை அவள் கையில் கொடுத்தான்.

“அண்ணி, மாமாவுக்குப் புழு இல்ல.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நீயே பாத்தியா?”

“நானே பாத்தேன்.”

“அப்ப சரி. இனி எதுக்கு நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்? டாக்டரம்மா பக்கத்து அறையிலதான் இருக்காங்க, இப்பவே ஏத்தச் சொல்றேன். உள்ள போன் கூடாது, ஆஃப் பண்றேன்.” வைப்பதற்கு முன் சின்னக் குரலில், “தேங்க்ஸ்,” என்றாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த எட்டு வருஷத்தில் நாத்தனார் வாயிலிருந்து லென்ஸ் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

•

கழுவி ஊற்றுவதற்கு முன் அடிவண்டலை ஒரு தடவை பார்ப்பது லென்ஸுக்குப் பல் விளக்குவது மாதிரி. அவள் லேபில் அது சட்டம். முதலிலேயே அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்று இல்லை என்று சொல்ல வேண்டுமே என்கிற அவசரத்தில் வரிசை மாறிப்போயிருந்தது. ஜாடிக்குள் குச்சியை விட்டுக் கொஞ்சம் கறுப்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வைத்தாள். கண்ணை வைத்தாள்.

கரித்துகளுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக நீள நீளமாக நார். ஒன்றல்ல, இரண்டல்ல. இடம் முழுக்க மென்று மென்று அரைத்த நார்.

“என்னங்க, உங்கப்பா புல் திங்கறாரா?”

அவன் தட்டைக் கழுவிக்கொண்டே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குழாயை மூடிவிட்டு வந்து குனிந்து பார்த்தான். பத்து வருஷமாக அவன் தினமும் பார்க்கிற பொருள்தான். அதனால் ஒரு நொடிகூட ஆகவில்லை.

“இது சாணம்.”

“அப்ப உங்கப்பாவோடது எங்க?”

அவன் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஜாடியாக வெளியே எடுத்தான். பத்து, முப்பத்தேழு, எட்டு. கீழ்த்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி இன்னொன்று இருந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவனே ஒளித்து வைத்தது. மறந்தவனும் அவனே. அட்டையில் நாற்பத்தொன்று.

“முந்தாநாள் பண்ணையிலேருந்து ஒரு சிவப்புப் பசு வந்துச்சு,” என்றான். பேச்சு திக்கியது. “அதுக்குக் காது வளையத்துல நம்பர் நாப்பத்தொண்ணு. நான்தான் எழுதினேன். எழுதும்போது தோணவே இல்ல.”

ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புக்கு மேலே, கண்ணாடிச் சுவரில் முத்து முத்தாகக் கோத்திருந்த ஈரம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சொட்டும் உள்ளுக்குள்ளே நெளிந்துகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அவள் அரை மணி நேரம் காத்திருக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு சொட்டு, அடியிலிருந்து ஒரு சிட்டிகை. அடிச் சிட்டிகையில் தக்காளித் தோல் இருந்தது, ஒரு மிளகாய் விதை இருந்தது. சிவப்புப் பசு மிளகாய் தின்னாது. சுவர்ச் சொட்டில் அவை இருந்தன. மெல்லியதாக, ஒல்லியாக, எங்கேயோ போக வேண்டிய அவசரத்தில் சாட்டை மாதிரிச் சுழன்றுகொண்டு.

அயோடின் ஒரு துளி விட்டதும் அடங்கின. இனி வாலைப் பார்க்க வேண்டும். கூராக முடிந்தால் கொக்கிப்புழு, பயமில்லை, மாத்திரையில் போய்விடும். நுனியில் பிளவு இருந்தால் நூல்புழு. மைக்ராஸ்கோப்பில் பெரிய லென்ஸைத் திருப்பினாள்.

உணவுக்குழாய் உடம்பில் பாதி நீளம், நூல்புழுவுக்கு அப்படித்தான். வால் நுனியில், மீன்வால் மாதிரி, சின்னதாக ஒரு பிளவு.

அடுத்ததைப் பார்த்தாள். பிளவு. அதற்கடுத்தது. பிளவு.

கணவன் நாத்தனார் நம்பரை அடித்தான். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. ஆஸ்பத்திரி நம்பரை அடித்தான். ஒரு பெண் வரவேற்றுவிட்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டு, பாட்டுப் போட்டாள்.

“வண்டியை எடுங்க,” என்றாள் லென்ஸ். மைக்ராஸ்கோப்பில் போனை வைத்து மூன்று படம் எடுத்துக்கொண்டாள். கைகளைக் கழுவினாள், திரும்பக் கழுவினாள். மணி இரண்டரை ஆகியிருந்தது.

•

வழியெல்லாம் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணி வரை நேரம் இருந்தது. அதைப் பறித்தவள் நான்தான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால்கூட மாமாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது கணவனின் முதுகு குலுங்குவது தெரிந்தது. அவன் அழுகிறான் என்று புரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வரவில்லை. படியேறினார்கள். வார்டு வாசலில் காவலாளி, “ஒருத்தர்தான்” என்றான். கணவன் நின்றான், அவள் ஓடினாள்.

கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் இழுத்துப் போட்டிருந்த மேஜையில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். தோள் இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. தலைமாட்டில் பாட்டில் தொங்கியது. குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கால் பாட்டில் காலி.

“அண்ணி, நிறுத்துங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்பினாள்.

“நான் பாத்தது மாட்டோட ஜாடி. மாமாவோடது வேற. அதுல இருக்கு. நிறைய இருக்கு. இந்த மருந்து போனா…” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான்தான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. நிறுத்துங்க.”

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி மூடினாள். சொட்டு நின்றது.

“யாரைக் கேட்டு அதைத் தொட்டீங்க?” என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

“டாக்டரைக் கூப்பிடுங்க,” என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கிற குரல் திரும்பி வந்திருந்தது. நர்ஸ் போனாள்.

டாக்டரம்மா இளவயது. பொறுமையாகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எந்த லேப் என்று கேட்டாள். லென்ஸ் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒரே நம்பர்ல ரெண்டு ஜாடி, அதுவும் மாட்டு லேப்ல, நாலு நாள் பழசு. இதை வெச்சு நான் எப்படி நிறுத்த முடியும்? அவருக்கு ஆக்சிஜன் இறங்கிட்டே இருக்கு. புதுசா ஒரு சாம்பிள் கொடுங்க, இப்பவே பாக்கலாம்.”

“ரெண்டு நாளா வெளியே போகல,” என்றாள் நாத்தனார்.

அப்போது கண்டக்டருக்கு இருமல் வந்தது. உடம்பையே உலுக்கி எடுத்த இருமல். மேஜைமேல் இருந்த எச்சில் தட்டை எடுத்து வாயருகில் வைத்துக்கொண்டார். துப்பியதில் செம்பழுப்பாக ஒரு கோடு இருந்தது. நர்ஸ் வாங்கப் போனாள். அவர் கொடுக்கவில்லை. தட்டைப் பிடித்த கையை நர்ஸைத் தாண்டி மருமகள் பக்கம் நீட்டினார்.

“நீயே பாரும்மா,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “உனக்கு ஒளிச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்துடுச்சு.”

லென்ஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

லேப் அதே மாடியில்தான். டாக்டரம்மா கூடவே வந்தாள். செம்பழுப்பு இருந்த இடத்திலிருந்து லென்ஸ் ஒரு துளியைத் தடவி, கண்ணாடி மூடி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். பெருக்கிப் பார்த்த முதல் இடத்தில் ரத்த அணுக்கள். இரண்டாவது இடத்தில் சளி நூல்கள். மூன்றாவது இடத்தில் சளி நூல் என்று அவள் நினைத்தது வளைந்து, நிமிர்ந்து, திரும்பி, அவளைப் பார்த்து வருவதுபோல வந்தது.

அவள் விலகி டாக்டரம்மாவுக்கு இடம் விட்டாள். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது இளவயது முகம் வெளுத்திருந்தது.

“நுரையீரலுக்கே வந்துடுச்சு,” என்றாள். பிறகு அங்கேயே போனை எடுத்து, ஸ்டீராய்டை நிறுத்தவும், புழு மாத்திரையை உடனே ஆரம்பிக்கவும், தீவிர சிகிச்சையில் ஒரு கட்டில் ஒதுக்கவும் வரிசையாகச் சொன்னாள். வைத்துவிட்டு லென்ஸிடம், “கால் பாட்டிலோட நின்னுது. முழுசாப் போயிருந்தா நான் உங்ககிட்ட இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன். ஆனா ஏற்கெனவே ஒரு வாரம் மாத்திரை போயிருக்கு. அடுத்த ரெண்டு நாளைத் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்,” என்றாள்.

•

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கண்டக்டர் மருமகளைப் பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

“எத்தனை பேர்ம்மா வண்டியில?”

“ஓவர்லோடு மாமா.”

“எல்லாம் டிக்கெட் இல்லாத பயலுங்க,” என்றார். சிரிக்கப் போய் இருமினார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் காவலாளியை எப்படியோ சரிக்கட்டி உள்ளே வந்திருந்த சாணி டாக்டர், கட்டில் காலைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

டாக்டரம்மா கேஸ் அட்டையை எடுத்தாள். “தாத்தா, இது மண்ணுலேருந்து பாதம் வழியாத்தான் ஏறும். வெறுங்காலோட எங்க நடப்பீங்க?”

கண்டக்டர் போர்வை நுனியைத் திருகினார்.

“வீட்ல கக்கூஸ் இருக்குல்ல?”

“இருக்கு.” அவர் மருமகளைப் பார்க்காமல் சொன்னார். “அதுக்குள்ள உட்கார்ந்தா எனக்குக் காத்தே வராது. விடியக்காலம் யாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால போயிட்டு வந்துடுவேன். மண்ணைத் தள்ளி மூடிடுவேன். பல வருஷப் பழக்கம். எல்லாம் ஒரு ஓரத்துலதான்.”

“ஈர மண்ணா?”

“நிழல்தான். எப்பவும் ஈரமா இருக்கும்.”

“அப்ப உங்க உடம்புலேருந்து மண்ணுக்கும், மண்ணுலேருந்து திரும்ப உங்க காலுக்குமா போயிட்டிருந்திருக்கு. அந்தப் பக்கம் வீட்ல வேற யாராவது வெறுங்காலோட போவாங்களா?”

“யாரும் போக மாட்டாங்க. அங்க யாருக்கு என்ன…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மேஜையில் ஊன்றியிருந்த கை மெதுவாகச் சரிந்தது. இவ்வளவு நேரம் மூச்சுக்குத் தவித்தபோதுகூட அவர் முகத்தில் இல்லாத பயம் இப்போது வந்தது.

“ஈர மண்ணுதான் நல்லா நிக்கும்னு,” என்றார், “சுண்டெலிக்கு மண்வீடு அங்கதான் கட்டிக் கொடுத்தேன்.”

 லென்ஸுக்குக் காலையில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்த குழந்தை ஞாபகம் வந்தது. ‘அம்மா, கால் அரிக்குது.’ பவுடர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. உலகத்தில் இருக்கிறவர்களின் உடம்பையெல்லாம் உருப்பெருக்கிப் பார்க்கிறவள், சொந்தக் குழந்தையின் பாதத்தை வெறும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

வார்டுக் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. பள்ளிக்கூட வேன் மூன்றே முக்காலுக்கு வரும்.

வராந்தாவுக்கு ஓடி அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“அக்கா, சுண்டெலி வந்துட்டாளா?”

“வந்துட்டாளே, கவலைப்படாதே,” என்றாள் அடுத்த வீட்டுக்காரி. “பால் குடின்னேன், கேக்கல. தாத்தா வர்றதுக்குள்ள வீட்டுக்கு மாடி கட்டணுமாம். ஷூவைக் கழட்டிப் போட்டுட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடிட்டா.”